வேதநாயகம் மகள்

“ஏசுராஜின் அன்பு மனைவி தேசம்மா.”

கல்லறைக் கல் வெட்டும் இனாயத் பாய் நீட்டிய தாளில் அப்படித்தான் இருந்தது. அவன் கையெழுத்து.

அவன் என்றால் என்னைப் பெற்றவன். அப்பா என்று சொல்ல வாய் வரவில்லை.

என் ஐந்து வயதில் இன்னொருத்தியோடு போனான். அதற்கப்புறம் இருபத்தெட்டு வருஷம் அம்மா பட்டினப்பாக்கத்தில் மீன் விற்று என்னைப் படிக்கவைத்தாள். ஒரு நாள் எட்டிப் பார்த்தவனில்லை. சாவுக்கு மட்டும் வெள்ளைச் சட்டையும் டை அடித்த தலையுமாக வந்து, பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுதான். சொந்தக்காரர்களும், என்ன இருந்தாலும் புருஷன் என்று அவனை முன்னால் நடக்கவிட்டார்கள். சீ.

இப்போதும் மந்தைவெளியில் இந்தக் கல் கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து டீயை ஊதி ஊதிக் குடிக்கிறான்.

நான் அடையாறு ஆபீசிலிருந்து நேராக வந்திருந்தேன். பிரெஞ்சு பேசும் கனடாக்காரர்களுக்கு வம்சம் தேடித் தருவது என் வேலை. அவர்கள் ஊர் மாதா கோயில்களின் பழைய பதிவேடுகளைக் கம்ப்யூட்டரில் பார்த்து, யாருக்கு யார் பிள்ளை என்று கோர்க்க வேண்டும். அங்கே அண்ணன் வம்சம் குடும்பப் பேரை வைத்துக்கொள்ளும். தம்பி வம்சம் பட்டாளத்தில் வந்த பட்டப்பேரை வைத்துக்கொள்ளும். அதையெல்லாம்கூடப் பிடித்துவிடுவேன்.

இந்த வாரம் ஒருத்தியிடம் மாட்டிக்கொண்டேன். இருநூறு வருஷத்துக்கு முன்னால் செத்தவள். புருஷன் பேரில் மூன்று நாள் தேடினேன். ஆளே இல்லை.

இன்று காலையில் பக்கத்து சீட் வர்ஷினி தலையில் அடித்துக்கொண்டாள். “கல்யாணம் ஆனாலும் அவாளுக்குப் பொறந்தாத்துப் பேர்தான்டி. செத்தாக்கூட அதைத்தான் எழுதுவா.”

அப்பன் பேரில் தேடினேன். அடக்கப் பதிவேட்டில் இருந்தாள். பிறந்த வீட்டுப் பேர் முதலில். புருஷன் பேர் அதற்கப்புறம்தான்.

நான் தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் எழுதினேன். வேதநாயகம் மகள் தேசம்மா.

வேதநாயகம் என் தாத்தா. அம்மாவை அவர் குழியிலேயேதான் வைத்தோம். இந்த ஊரில் கல்லறைக்குப் புது இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு. எங்கள் கல்லறைத் தோட்டத்தில் குடும்பத்துக்கு ஒரு குழி. பல வருஷம் கழித்து அதையே திறந்து அடுத்தவரை வைப்பார்கள். அந்தக் குடும்பத்து ஆள் என்று காட்டினால் போதும்.

அவன் டீ கிளாசோடு எழுந்து வந்து பார்த்தான். சண்டைக்கு வருவான் என்று நினைத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

“எம் பேரு ஒரு ஓரமாவாவது இருக்கட்டும் கண்ணு. நான் கட்டுன தாலிதான?”

குரல் உடைந்திருந்தது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, எனக்கும் மனசு இளகிவிட்டது. சின்ன எழுத்தில் போட்டுத் தொலைக்கட்டும் என்று பேனாவை மறுபடியும் திறந்தேன்.

இனாயத் பாய் கல்லை டேப் வைத்து அளந்துகொண்டே கேட்டார். “அப்ப, கீழ ஒரு அடி காலியா வுட சொன்னாரே ஒங்க நைனா, அது உண்டா இல்லியாம்மா?”

அவன் சட்டென்று தெருவைப் பார்க்க ஆரம்பித்தான்.

ஒரு அடி. நாளைக்கு அவன் பேரும் இரண்டு தேதியும் தாராளமாக அடங்கும்.

அழுகை, வெள்ளைச் சட்டை, அன்பு மனைவி எல்லாம் இதற்குத்தான். பஸ்ஸில் துண்டு போடுகிற மாதிரி என் அம்மா மேல் துண்டு போட வந்திருக்கிறான்.

பேனாவை மூடினேன்.

“பாய், எழுத்தைப் பெரிசா வெட்டுங்க. கல்லு முழுக்க அம்மா பேருதான். கீழ ஒரு வெரக்கடைகூட மிச்சம் இருக்கக் கூடாது.”