கடைசி வண்டி

எங்கள் நகரி மோட்டார் சைக்கிள் கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. கடைசி வண்டிக்காரர் யாரையும் முந்தமாட்டார். வழியில் யார் நின்றாலும் அவரும் நிற்பார். அவருடைய விளக்கு கண்ணாடியில் தெரியாவிட்டால் முன்னால் போகிற தலைவர் வண்டியை நிறுத்தியாக வேண்டும்.

போன வருஷம் கடைசி வண்டி என் வீட்டுக்காரர் செங்கல்வராயன். வடமாலபேட்டை மாந்தோப்பு தாண்டியதும் அவர் விளக்கைக் காணவில்லை. தலைவர் ஹேமநாத் நிற்கவில்லை. "வந்துக்கினே இருப்பான், வாங்க போலாம்" என்றாராம். அவர்கள் திருப்பதி அலிபிரியில் போட்டோ எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில், தோப்புப் பள்ளத்தில் வண்டிக்கடியில் கிடந்து இவர் உயிர் போனது.

கிளப்பில் அவர் இடத்துக்கு நான் வந்தேன். ஒவ்வொரு மாதப் பயணத்திலும் கடைசி வண்டியாக ஓட்டினேன். எனக்கும் பின்னால் ஒரு விளக்கு வந்தது. அது முந்தவில்லை. நான் நின்றால் நின்றது. யாரென்று எனக்குத் தெரியும்.

இந்த மாதம் கூட்டத்தில், "ஒருவாட்டி தலைவரே கடைசியா வரட்டுமே, நான் முன்னாடி போறேன்" என்றேன். எல்லோரும் கைதட்டினார்கள். ஹேமநாத்தும் சிரித்துக்கொண்டே சரி என்றார்.

வடமாலபேட்டை வரை வரிசையின் கடைசியில் இரண்டு விளக்குகள் தெரிந்தன. மாந்தோப்பு தாண்டியதும் ஒன்றுதான் இருந்தது.

எனக்கு அடுத்து வந்த தனசேகர் பக்கத்தில் வந்து கத்தினான். "யக்கா, தலைவரக் காணோம். நிக்கலாமா?"

கண்ணாடியைப் பார்த்தேன். யார் நின்றாலும் நிற்கிற அந்த விளக்கு, நிற்காமல் எங்கள் பின்னால் வந்துகொண்டிருந்தது.

"வந்துக்கினே இருப்பாரு, வா போலாம்" என்றேன்.