பாத்துவின் பக்கம்

டேப்ரிக்கார்டரின் ஒரு மூலை நசுங்கியிருந்தது.

கொல்கத்தாவில் பழம்பொருள் விற்கும் ஒருவரிடம் இணையத்தின் வழியாக வாங்கியது. மேலப்பாளையத்தில் அந்த ஒரு தெருவிலேயே உமர் பாரூக் என்னும் பெயருடையார் மூவர் இருந்தமையால், கூரியர்காரர் அதை மீன்கடை உமர் பாரூக் வீட்டில் போட்டுவிட்டுப் போனார். அங்கே நான்கு நாள் கிடந்து, இன்றுதான் உரிய வீடு வந்து சேர்ந்தது.

“இதுக்குள்ள நான் மக்கா போயி உம்ராவே முடிச்சிட்டு வந்திருப்பேன்” என்றார் உரிய உமர் பாரூக்.

மகள் தஸ்லிமா வைக்கோலையும் காகிதத்தையும் விலக்கினாள். மூலையைத் தவிர வேறு சேதம் எதுவும் கண்ணில் படவில்லை. மின்சாரம் கொடுத்ததும் சிறு விளக்கு எரிந்தது.

டிரங்குப் பெட்டியின் அடியில் முப்பத்தெட்டு ஆண்டுகளாக வெள்ளைத் துணியில் பொதிந்து கிடந்த கேஸட்டை அவர் எடுத்துவந்தார்.

அவர் சவூதியிலுள்ள தம்மாமில் வேலை பார்த்த காலத்தில் கணவனுக்கும் மனைவிக்கும் இடையே கடிதம் போனதில்லை. எழுத்தறியாத பாத்து கேஸட்டில் பேசி, அக்கரைக்குப் போகிறவர் கையில் கொடுத்தனுப்புவாள். ஒரு பக்கத்தில் அவள் பேச்சு, மறுபக்கத்தில் அவருடைய மறுமொழி. இரண்டும் நிறைந்துவிட்டால் அதன்மேலேயே மீண்டும் பேசுவார்கள். ஆகையால், பதிந்தது அழியாதிருக்கும்பொருட்டுக் கேஸட்டின் முதுகிலுள்ள பிளாஸ்டிக் பல்லை உடைத்துவிடும் வழக்கம் அவர்களுக்கு இல்லை.

பிரசவத்துக்கு முன் பாத்து பேசியனுப்பிய கடைசிக் கேஸட் இது. இது அவர் கைக்கு வருமுன்பே, தஸ்லிமாவைப் பெற்ற பதினோராம் நாள் அவள் மௌத்தாகிவிட்ட துக்கச் செய்தி வந்துவிட்டது. அவர் இதை ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

தாயின் குரலை ஒருதரமேனும் கேட்டுவிட வேண்டும் என்று தஸ்லிமா எத்தனையோ முறை கெஞ்சியிருக்கிறாள். பழைய கேஸட்டுகளை ஓடவிட்டுத் தரும் கடைக்காரர் எவர் கையிலும் இதைக் கொடுக்க அவர் இசையவில்லை. தம்மாமில் தாம் வைத்திருந்த அதே வகைப் பெட்டி வீட்டுக்கு வந்தால் பார்க்கலாம் என்று இவ்வாண்டுதான் இறங்கிவந்தார்.

நகப்பூச்சால் பொட்டு வைத்த பக்கம் பாத்துவினுடையது. அதை மேலாக வைத்து, பிஸ்மி சொல்லி, தம் விரலாலேயே விசையை அழுத்தினார்.

சக்கரங்கள் சுழன்றன. குரல் வரவில்லை.

“பைய வரும்மா. பேச்ச எடுக்க அவளுக்கு வெக்கம். தொண்டையச் செருமிக்கிட்டே நிப்பா.”

தஸ்லிமா ஒலியளவை முழுவதும் கூட்டினாள். இருவரும் காத்திருந்தார்கள். தெருவில் ஐஸ் வண்டி மணியடித்துச் சென்றது. மேசைமேலிருந்த சாயா ஆடை கட்டியது.

அரைமணி நேரம் கழித்து, ‘டக்’கென்று விசை தானாக எழும்பி நின்றது.

“நாள்பட்டுப் போச்சு. நாந்தான் பொத்திப் பொத்தி வச்சிருந்துட்டேன்.”

உமர் பாரூக் காதுக்கருவியைக் கழற்றி வைத்துவிட்டு, அஸர் தொழுகைக்கு முகம் கைகால் கழுவி ஒளுச் செய்யக் கொல்லைப்புறம் போனார்.

தஸ்லிமா பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழும்பியது ஒரு விசைதான். அதன் அருகிலிருந்த சிவப்பு விசை, பேசுவதைப் பதிவதற்குரியது, உள்ளேயே அமிழ்ந்து கிடந்தது. நசுங்கிய மூலை அதைக் கவ்விப் பிடித்திருந்தது. வழியில் எங்கோ பெட்டி விழுந்தபோதே அப்படி ஆகியிருக்க வேண்டும்.

கொண்டை ஊசியால் அதை நெம்பி எழுப்பினாள். நாடாவைப் பின்னோக்கிச் சுற்றி, மீண்டும் ஓடவிட்டாள்.

ஒரு மோட்டார் சைக்கிளின் இரைச்சல். பிறகு, “பைய வரும்மா” என்று வாப்பாவின் குரல்.

அரைமணி நேரமும் அந்தப் பெட்டி அவர்கள் இருவரையும் பதிந்துகொண்டிருந்தது. பாத்து பேசியது அனைத்தும் அதனடியில் அழிந்துபோயிற்று.

நாடா ஓடிக்கொண்டேயிருந்தது. ஐஸ் வண்டியின் மணி. அதன்பின் ஒரு பெண்குரல். சற்றுமுன் வாப்பாவிடம் தஸ்லிமா சொன்னதுதான்.

“சாயாவக் குடிங்க. ஆறிப் போவுதுல்லா?”

நிலைப்படியில் உமர் பாரூக் நின்றிருந்தார். முகத்திலிருந்து நீர் சொட்டியது. காதுக்கருவி மேசைமேலேயே கிடந்தது.

“பாத்து” என்றார்.

அடுத்த கணம் அவர் சிரித்தார். தஸ்லிமா தன் வாழ்நாளில் கண்டிராத சிரிப்பு அது.

“கேட்டியா ஒங்க உம்மா பேச்ச? கடலுக்கு அங்கிட்டு இருக்கவனச் சாயா குடிக்கச் சொல்லுதா!”

அருகில் வந்து பெட்டியின்மேல் காதைச் சாய்த்தார். அடுத்து வரவிருந்தது அவருடைய சொந்தக் குரல். தஸ்லிமா விரைந்து நிறுத்தினாள்.

“ஏம்மா நிப்பாட்டிட்ட? மிச்சம் எங்க?”

அவள் இல்லையென்று தலையை மட்டும் அசைத்தாள். வாயைத் திறந்தால் அந்தக் குரல் வந்துவிடும்.