மூன்று மீன்கொத்திகள்

ஆற்றோரப் பாதையில் இளவேனில் வெயில் மெத்தென்று விழுகிறது. மாலை நடக்கும் இயற்கை வகுப்புக்காகப் பறவை, பூச்சிக் கணக்கை நோட்டில் எழுதிக்கொண்டு நிற்கிறேன். போன வாரம் என் கணக்கைக் கேட்டு வகுப்பே சிரித்தது. அதனால் இன்று எல்லாவற்றையும் இரண்டு முறை சரிபார்க்கிறேன். மஞ்சள் பட்டாம்பூச்சிகள் நான்கு, ஈர மணலில் உட்கார்ந்து சிறகை மெல்லத் திறந்து மூடுகின்றன. மீன்கொத்தி மூன்று. பஸ் கண்டக்டரான அக்காவுக்கு இன்று லீவு. செருப்பைக் கையில் பிடித்துத் காலால் தண்ணீரை அளைந்தபடி நோட்டை எட்டிப் பார்க்கிறாள். "ஒரே ஆள் மூணு தடவை ஏறி இறங்கினா மூணு பேராடா? அதே பறவைதான். வால்ல ஒரு இறகு இல்ல பாரு." நீலம் மறுபடி நீர்மேல் கோடு கிழித்து வருகிறது. ஆமாம், இறகு இல்லை. அலகில் பிடித்த மீனின் தலை வெளிப்பக்கம் நீட்டியிருக்கிறது. "தான் திங்கறதா இருந்தா தலைய உள்பக்கமா வெச்சிருக்கும்," என்கிறேன். இது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரியும். "அப்ப வீட்டுக்குப் பார்சல்," என்கிறாள். கரைமண்ணில் உள்ள பொந்துக்குள் அது நுழைந்ததும் உள்ளே கீச்சுக்குரல்கள் எழுகின்றன. மூன்றை அடித்து ஒன்று என்று எழுதுகிறேன். "குஞ்சு எத்தனைன்னு போடுவே?" என்கிறாள் அக்கா. 'குரல் மட்டும் கேட்டது' என்று எழுதி, அதன்கீழ் அழுத்தமாக ஒரு கோடு போடுகிறேன்.