ஏழாவது டிராக்கில் ஒரு குரல்

சி.டி. பிளேயருக்குள் போய்ச் சுழலத் தொடங்கியதும் சிவபிரசாத் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. அடுக்களையில் அவர் மனைவி சபிதா மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

மடியில் ஒரு அடுக்கு ஆல்பங்கள். எல்லாமே ரஷ்யப் படங்களின் இசை. பேய்ப் படங்கள், மாயாஜாலப் படங்கள். ஒரு அட்டையில் பனி மூடிய காடு. இன்னொன்றில் கிணற்றுக்குள்ளிருந்து வெளியே வரும் கை. எழுத்து ஒன்றும் அவருக்குப் புரியவில்லை.

நேற்று வரை அவை பக்கத்து வீட்டில் இருந்தன.

பக்கத்து வீட்டு ததேயுஸ் கப்பலில் வேலை பார்த்தவன். கூட இருந்த ரஷ்ய இன்ஜினியர் ஒருவர் கொடுத்த ஆல்பங்கள் என்று சொல்வான். படங்களை அவன் பார்த்ததில்லை. வேலையை விட்டுவிட்டு மனைவி குளோரியோடு வடசேரிக்குக் குடிவந்தபோது, லாரியிலிருந்து முதலில் இறக்கியது இரண்டு பெரிய ஸ்பீக்கர்களைத்தான்.

இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்.

சிவபிரசாத்துக்கு ஆரல்வாய்மொழி காற்றாலையில் வேலை. பகல் முழுக்கக் காதுக்குள் இறக்கைகள் சுற்றும். வீட்டுக்கு வந்து குளித்த பிறகும் அந்த இரைச்சல் அடங்காது.

ஒரு சாயங்காலம் சுவருக்கு அப்பாலிருந்து அந்த இசை வந்தது. அடியில் கனத்த தந்திகளோடு செல்லோக்கள், ஏதோ ஒன்று மெதுவாக நெருங்கி வருவதுபோல அதிர்ந்தன. மேலே வயலின்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. தூரத்தில் ஒரு மணி. பிறகு வார்த்தையே இல்லாமல் ஆண்களின் கோரஸ்.

அவர் காதிலிருந்த காற்று நின்றது. டீ ஆறிப்போனதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

இசை உச்சத்துக்கு ஏறும் இடத்தில் ஒரு பெண் குரல் எழும்பும். ஒரே ஒரு குரல். நீண்டு, நடுவில் முறிந்து, மறுபடி எழும்பி, டிரம்ஸ் சத்தத்துக்குள் மூழ்கிவிடும். ஒவ்வொரு தடவையும் அவருக்குக் கை மயிர் சிலிர்க்கும். பனியைக் கண்ணால் பார்த்திராத அவருக்கு, பனிக்காட்டுக்குள் ஒருத்தி ஓடுவது தெரியும். பின்னால் ஏதோ வருகிறது. அவள் தப்பினாளா இல்லையா என்பது மட்டும் இசையில் தெரியாது.

தினமும் கேட்காது. வாரத்தில் ஒன்றிரண்டு நாள்தான். அப்போது சபிதாவையும் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைப்பார். பாவம் அந்தப் பொம்பளை என்று அவள் சொல்வாள்.

குரல் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும். நல்ல இசை அப்படித்தான், கேட்கக் கேட்கப் புதிதாக இருக்கும் என்று அவளுக்கு விளக்குவார்.

ஒரு நாள் ததேயுஸை வாசலில் பார்த்தபோது மனம்விட்டுச் சொன்னார். அந்தப் பெண் பாடும் இடம் ஆளை உலுக்கிவிடுகிறது, யார் பாடியது என்று கேட்டார்.

ததேயுஸ் அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான்.

"அது ஒரு ரஷ்யாக்காரி, சாரே," என்றான். பிறகு சிரித்தான்.

அன்று சாயங்காலமும் போட்டான்.

போன மாதம் அவன் மாரடைப்பில் இறந்தான். தெருவே வந்து நின்றது. நல்ல ரசனையுள்ள ஆள் என்று சிவபிரசாத் வந்தவர்களிடமெல்லாம் சொன்னார்.

நேற்று குளோரி வீட்டைக் காலி செய்துகொண்டு குளச்சலில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குக் கிளம்பினாள். மாடியில் துணி எடுக்கும்போது பார்த்தால் தலையசைப்பாளே தவிர அதிகம் பேசாதவள். இவர்கள் வீட்டுப் படி ஏறியதே இல்லை. வேனைத் தெருவில் காக்க வைத்துவிட்டு, ஆல்பங்களை ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்து நீட்டினாள். கூடவே தன் போன் நம்பரையும் சபிதாவிடம் சொன்னாள்.

உன் வீட்டுக்காரர் ஞாபகமாக நீயே வைத்துக்கொள்ளேன் என்று சபிதா சொல்லிப் பார்த்தாள்.

"சாருக்குத்தான் ரொம்பப் பிடிக்கும்லா," என்றாள் குளோரி. "நான் போன பொறவு போட்டுக் கேளுங்க."

துக்கத்தில் சொல்கிறாள் என்று இருவரும் நினைத்துக்கொண்டார்கள்.

ஏழாவது டிராக்கில் அது வந்தது. முதல் அதிர்விலேயே தெரிந்துவிட்டது. சிவபிரசாத் கண்ணை மூடிக்கொண்டார். செல்லோ. வயலின்கள். மணி. சுவர் நடுவில் இல்லாததால் எல்லாம் துல்லியமாகக் கேட்டது. கோரஸ் ஏறியது. உச்சம் வந்தது. டிரம்ஸ் இடித்து ஓய்ந்தது.

முடிந்துவிட்டது.

அவர் கண்ணைத் திறந்தார். மறுபடி போட்டார். சத்தத்தைக் கூட்டினார். குனிந்து ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் காதை வைத்தார்.

மூன்றாவது தடவை போட்டபோது சபிதா ஈரக் கையோடு அடுக்களை வாசலில் வந்து நின்றாள்.

"அந்தப் பொம்பள பாடுத எடம் வரவே இல்லியே?"

அவர் ஸ்பீக்கரிலிருந்து நிமிர்ந்தார். அவள் பார்வை மெல்ல அவரைத் தாண்டி, குளோரி இருந்த வீட்டை ஒட்டிய சுவருக்குப் போனது. அங்கேயே நின்றது.

பிறகு அவள் வந்து பிளேயரை அணைத்தாள். கையைப் புடவையில் துடைத்துவிட்டு, போனில் குளோரியின் நம்பரைத் தேடி எடுத்து அவரிடம் கொடுத்தாள்.

மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்கமாட்டாள் என்று அவர் நினைத்தபோது எடுத்தாள். அந்தப் பக்கம் யாரோ குழந்தைகள் விளையாடும் சத்தம். அவர் தன் பெயரைச் சொன்னார்.

குளோரி காத்திருந்தாள்.

"கேட்டாச்சா, சாரே?" என்றாள்.