மார்பில் தைத்த பெயர்

படைமுகாம் மெஸ்ஸில் சாப்பாடு வாங்கித் திரும்பும் வழியில் சார்ஜண்ட் புரூயிட் மடக்கு மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறார். மேசையில் ஒரு பெட்டி டோனட், ஒரு பேனா, படைவீரர் நலச் சங்கத்தில் சேர்வதற்கான படிவங்கள். சேர்வது குற்றமில்லை என்று எங்களுக்கும் தெரியும். ஆனால் சன்னலோரம் எங்கள் படைப்பிரிவின் மூத்த சார்ஜண்ட் காபியைக் கலக்கிக்கொண்டே பார்க்கிறார். எங்கள் முகத்தையல்ல, மார்பை. ஒவ்வொருவர் பெயரும் அங்கேதான் சீருடையில் தைத்திருக்கிறது. அதனால் மேசையைக் கடக்கும்போது எல்லோருடைய தட்டும் மார்பளவு உயர்கிறது, என்னுடையதும். “டோனட்ட மட்டும் லவட்டிட்டுப் போறீங்களேடா! ரூமு ஒழுகுதுன்னு என்கிட்ட அழுதா ஆச்சா? வாஷிங்டன்ல போய்ச் சொல்ல ஆளு வேணாமா?” என்கிறார் புரூயிட். யாரும் நிற்கவில்லை. எனக்கு முன்னால் போகும் கிந்தானா மட்டும் நிற்கிறாள். பத்தொன்பது வயது, படையில் சேர்ந்து ஆறு மாதம். அறைச் சுவரில் படர்ந்த பூஞ்சையால் மூன்று வாரமாக இருமுகிறாள். இப்போதும் இருமுகிறாள், தட்டில் சூப் தளும்புகிறது.

“நிக்காத, நட. அவரு பாக்கறாரு,” என்கிறேன்.

“பாக்கட்டும். எழுத்துக்கூட்டிப் படிக்கட்டும்.”

சன்னலோரம் கரண்டிச் சத்தம் நிற்கிறது. கிந்தானா தட்டை மேசைமேல் வைக்கிறாள். சன்னல் பக்கம் முழுதாகத் திரும்பி ஒரு கணம் நிமிர்ந்து நிற்கிறாள். பிறகு குனிந்து பேனாவை எடுக்கிறாள். அடுத்து நான்தான். சூப் ஆறிக்கொண்டிருக்கிறது. என் தட்டு இன்னும் மார்பை விட்டு இறங்கவில்லை.