மஞ்சள் பட்டை

அவள் திரையைப் பார்த்தாள். பொறியியல் கலந்தாய்வுக்கான விருப்பப் பட்டியலின் முதல் வரியில் இருந்த கல்லூரியின் பெயரை இந்த ஊரில் யாரும் கேள்விப்பட்டதில்லை.

நேற்றுக் காலை அந்த வரியில் அரசுப் பொறியியல் கல்லூரி இருந்தது. அதைத் தட்டியவள் அவளேதான். இன்டர்நெட் கடையில் அவளுக்கு வேலை, கூட்டுவதும் விண்ணப்பம் தட்டுவதும்.

நாற்காலியில் செண்பகவல்லி, அந்தப் பட்டியலுக்கு உரியவள். பன்னிரண்டாம் வகுப்பில் பள்ளியிலேயே முதலாவதாக வந்த பெண். பின்னால் அவளுடைய அப்பா மாசானம், சட்டைத் தோளில் வாழைக்கறையோடு. எதற்கும் ஒருமுறை சரிபார்த்துவிடலாம் என்று வந்திருந்தார்கள்.

மணி மூன்று. ஐந்துக்குப் பட்டியல் பூட்டப்படும். பிறகு கடவுளே வந்தாலும் மாற்ற முடியாது.

கடைக்காரர் பொன்னுரங்கம் எட்டிப் பார்த்தார். கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. சொந்தக் கடைக்கு அடையாள அட்டை எதற்கு என்று யாரும் கேட்டதில்லை. அதை அச்சடித்ததும் அவர்தான். அதில் அதிகாரி என்று கையெழுத்துப் போட்டதும் அவர்தான்.

முதல் வரியைப் படித்தார். பிறகு சிரித்தார்.

"ஒம்ம மவ கை தவறி அமுக்கிருப்பா, அண்ணாச்சி."

மாசானம் மகளைப் பார்த்தார்.

மகள் தன் விரல்களைப் பார்த்தாள்.

பொன்னுரங்கம் யாருக்கும் கடவுச்சொல்லைச் சொல்வதில்லை. சொல்லிவிட்டால் அடுத்த முறை வேறு கடைக்குப் போய்விடுவார்களாம். நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளின் கடவுச்சொற்களையும் பிளகின் என்ற ஓர் இலவச நிரலில் போட்டு, அதை உலாவியோடு ஒட்டவைத்திருந்தார். தான் இல்லாவிட்டால் இந்த ஊரில் ஒரு பிள்ளையும் கல்லூரி வாசலை மிதிக்க முடியாது என்பார், பல்லைக் குத்திக்கொண்டே.

மூன்று வாரமாக, காலையில் உலாவியைத் திறந்தால் உச்சியில் ஒரு மஞ்சள் பட்டை வரும். ஆங்கிலத்தில் நாலு வரி.

ஈ ஓட்டுவதுபோல அதை ஓட்டிவிடுவார்.

பத்தாம் வகுப்போடு நின்றுவிட்ட அவளுக்கு அந்த நாலு வரியைப் படித்து முடிக்க இரண்டு நாள் ஆயிற்று. பிளகினில் ஓட்டை இருக்கிறது. நீங்கள் திறக்கும் எந்தப் பக்கமும் உள்ளேயிருக்கும் கடவுச்சொற்களை உருவிக்கொள்ளலாம். உடனே நீக்கிவிடுங்கள்.

சொன்னாள். ஒரே ஒரு முறை, தரையைப் பார்த்தபடி.

அன்று டீக்கடையில் அவருக்கு அதுதான் கதை. கூட்டிப் பெருக்க வந்தது கம்ப்யூட்டருக்கு நோய் பார்க்கிறதாம். தன் வீட்டுக் கூரை ஒழுகுகிறது, இங்கே வந்து ஓட்டை தேடுகிறதாம். பெஞ்சில் இருந்தவர்களுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. அவர்களில் நாலு பேருடைய பிள்ளைகளின் கடவுச்சொல் அந்த ஓட்டைக்குள்தான் இருந்தது.

நேற்று மாலை அதே கணினியில், அதே உலாவியில், பொன்னுரங்கம் திருட்டுப் படம் பார்த்தார். ஒரு பக்கத்தை மூடினால் மூன்று பக்கம் திறந்தது. மூன்றையும் ஆசையாகப் பார்த்தார். அந்தப் பக்கங்களும் அவரைப் பார்த்தன. பெயர் தெரியாத கல்லூரிக்கு ஆள் பிடிக்கிறவன் எந்த ஊரில் உட்கார்ந்து கடவுச்சொல்லை எடுத்து, முதல் வரியை மாற்றினானோ.

இப்போது பழியை ஒரு சின்னப் பெண்ணின் விரலில் ஏற்றிவிட்டு, கழுத்து அட்டையை நேராக்கிக்கொள்கிறார்.

"ஏட்டி, என்ன வாய் பாத்துட்டு நிக்க? ஒன் சோலியப் பாரு."

அவள் தன் சோலியைப் பார்த்தாள்.

சுட்டியை எடுத்தாள். இன்று யாரும் ஓட்டாமல் விட்டிருந்த மஞ்சள் பட்டைக்குக் கொண்டுபோனாள்.

நீக்கு.

உறுதியாகவா?

ஆம்.

நூற்றுப் பன்னிரண்டு கடவுச்சொற்களும் போயின. ஒரு சத்தமும் இல்லை.

சத்தம் பொன்னுரங்கத்திடமிருந்துதான் வந்தது. எல்லாம் போச்சே, இனி ஒரு பிள்ளையும் தன் பக்கத்தைத் திறக்க முடியாதே என்று தலையில் அடித்துக்கொண்டார். நாளையிலிருந்து அவள் இந்தப் படி ஏறக்கூடாது என்றார்.

ஏறுவதாக அவளுக்கும் எண்ணமில்லை.

கலந்தாய்வுத் தளத்தின் நுழைவுப் பக்கத்தின் அடியில், சின்ன எழுத்தில், எப்போதும் ஒரு வரி இருந்தது. 'கடவுச்சொல் மறந்துவிட்டதா?' அதை அழுத்தினாள்.

மாசானத்தின் சட்டைப் பையில் போன் கிணுகிணுத்தது. ஆறு இலக்கம். அதைப் போட்டதும் பக்கம் புதுக் கடவுச்சொல் கேட்டது.

அவ்வளவுதான். இதை மறைத்து வைத்துக்கொண்டுதான் ஒரு மனிதர் மூன்று வருஷம் இந்த ஊருக்கு வாத்தியாராக இருந்தார்.

அவர் முகம் இப்போது எப்படி இருக்கிறது என்று பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை. பார்க்க அதில் என்ன இருக்கிறது.

மாசானத்திடம்தான் திரும்பினாள். தரையைப் பார்க்கவில்லை. பிள்ளையின் கை தவறவில்லை என்று சொன்னாள். எப்படி நடந்தது என்பதை மூன்று வாக்கியத்தில் சொன்னாள். மூன்றே போதுமானதாக இருந்தது.

பிறகு விசைப்பலகையை செண்பகவல்லியின் பக்கம் நகர்த்தினாள்.

"புதுசா ஒண்ணு போடு. எங்கிட்டகூடச் சொல்லாத."

சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

மாசானத்துக்கு ஏன் என்று புரியச் சற்று நேரமாயிற்று. அவரும் திரும்பினார். பெண்கள் குளிக்கும் படித்துறையைத் தாண்டும்போது ஆண்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்களே, அப்படி.

விசை தட்டும் ஓசை கேட்கவில்லை.

செண்பகவல்லி காத்திருந்தாள்.

பொன்னுரங்கம் கழுத்தை நீட்டி, அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாசானம் தோளுக்கு மேலாக ஒருமுறை பார்த்தார்.

அவர் கை பொன்னுரங்கத்தின் தோளில் வந்து அமர்ந்தது.

மெதுவாகத்தான்.