இடக்கை

2003 ஜூன், பள்ளி திறக்கும் நாள், காலை ஏழரை மணி. ஆஸ்டின் டவுன் வீட்டில், ஜன்னலோரக் கண்ணாடி முன் டோரதி டீச்சர் நிற்கிறாள். மார்பில் அறுவை சிகிச்சை, பிறகு மருந்து, பிறகு மொட்டைத் தலை. புதிதாக முளைத்த முடி சுருள்சுருளாகக் கழுத்தைத் தொடுகிறது. முன்பு நேரான முடி. இன்று அதை நேராக்கிக்கொண்டுதான் வகுப்புக்குப் போவாள். கையில் ஸ்ட்ரெய்ட்னர். சிவாஜிநகர் கடையில் இதை வாங்கும்போது நிறத்தைப் பார்க்கவில்லை. ஒவ்வொன்றாக இடக்கையில் எடுத்துத் தலைக்கு மேல் தூக்கிப் பார்த்தாள். “என்னம்மா, கொடி ஏத்தறீங்களா?” என்று கடைக்காரர் சிரித்தார். இருந்ததிலேயே லேசானது இதுதான். அவள் இடக்கைக்காரி, மார்பில் அறுவை நடந்ததும் இடது பக்கம்தான். கண்ணாடிக்குப் பக்கத்துச் சுவரில் பென்சில் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகின்றன. அறுவைக்குப் பின் தூக்க முடியாமல் போன அந்தக் கையின் விரல்கள் மெல்ல மெல்ல எட்டிய உயரங்கள் அவை. முன்முடி முடிந்துவிட்டது. வெயில் அதில் வழுக்குகிறது. பின்னந்தலைக்குப் போகும் கை காதருகே நின்றுவிடுகிறது. சூடேறிய முடியின் வாசம். அவள் பல்லைக் கடித்து முழங்கையை இன்னும் உயர்த்துகிறாள். தகடுகள் ஒரு சுருளைக் கவ்வுகின்றன. அவளுக்கு டிபன் கட்டிக்கொண்டிருந்த கணவன் டொமினிக் வந்து கையை நீட்டுகிறான்.

“குடு டோரி, பின்னாடி மட்டும் நான் பண்றேன். கழுத்தைச் சுட்டுக்கப் போற.”

கண்ணாடிக்குள் அவனைப் பார்க்கிறாள். கை இறங்கவில்லை.

“கிளாஸ்ல போர்டுல எழுதறப்போ, கையைப் பிடிச்சுக்க நீ வருவியா?”